கிளைஃபோசேட் புற்றுநோய் தருமா? ஒரே மருந்துக்கு இரண்டு தீர்ப்பு ஏன்?

களத்துமேடு:

வணக்கம். மருந்தடிப்பதுதான் என் வேலை. முதுகில் சுமக்கும் தெளிப்பான், சில நாள் வண்டியில் பூட்டியது. அதிகம் கலக்குவது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி. அதனால் இந்த விவாதம் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சின் லியோன் நகரில் 17 நிபுணர்களைக் கூட்டியது. கிளைஃபோசேட்டை 2ஏ பிரிவில், அதாவது மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பில்லை என்றது. 2016 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும், உணவில் தங்கும் மருந்தை ஆராயும் எச்சக் குழுவும் வாய்ப்பில்லை என்றது. ஒரே நிறுவனத்தின் குடைக்குள்ளேயே இரண்டு பேச்சு.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 'விஷம், விஷம்' என்கிறார்கள். இன்னொரு பக்கம் சமையல் உப்பைவிடப் பாதுகாப்பானது என்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். படித்தவர்கள் ஒரே ஆதாரத்தைப் பார்த்து எப்படி எதிரெதிரான முடிவுக்கு வந்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.


பச்சைவயல்:

இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் பணம் வாங்காத விஞ்ஞானிகள், மறுபக்கம் மருந்து தயாரிக்கும் நிறுவனம் கொடுத்த கோப்பைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்.

வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கிளைஃபோசேட் பாதுகாப்பானது என்று சொல்லி 2000-ல் வில்லியம்ஸ், குரோஸ், மன்ரோ என்ற மூவர் பெயரில் ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை வந்தது. உலகம் முழுக்க ஒழுங்குமுறை ஆவணங்களில் அதை மேற்கோள் காட்டினார்கள். கிளைஃபோசேட்டை ரவுண்டப் என்ற பெயரில் விற்ற மான்சாண்டோவின் உள் மின்னஞ்சல்கள் அமெரிக்க வழக்குகளில் வெளிவந்தன. அவை, எழுதும் வேலையில் நிறுவன ஊழியர்களின் கை இருந்ததைக் காட்டின. கட்டுரையில் அவர்கள் பெயர் இல்லை. கடைசியில் 2025-ன் இறுதியில் அந்த ஆய்விதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கால் நூற்றாண்டு கழித்து!

2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், மான்சாண்டோவின் களைக்கொல்லியால் புற்று வந்ததாக வழக்குப் போட்ட பள்ளித் தோட்டப் பராமரிப்பாளர் ஒருவருக்கு 28.9 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நடுவர் குழு. மேல்முறையீட்டில் அது ஏறத்தாழ 2 கோடியாகக் குறைந்தது, சரி. ஆனால் தீர்ப்பு நின்றது. 2020-ல், மான்சாண்டோவை வாங்கிய பேயர் நிறுவனம் நிலுவையில் இருந்த வழக்குகளைத் தீர்க்க 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. குற்றமில்லாதவர் இவ்வளவு பணம் கொடுப்பாரா?


நுண்ணோக்கி:

பச்சைவயல், அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது நியாயமே. நச்சியல் துறையில் இருப்பவள் என்ற முறையில் அந்த மின்னஞ்சல்களைப் படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் நிறுவனம் ஏமாற்றியது என்பது ஒரு கேள்வி, பொருள் புற்று தருகிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்றால் இரண்டாவதற்கும் ஆம் என்று ஆகிவிடாது. நடுவர் குழுவின் தீர்ப்பும் ஆய்வு முடிவு அல்ல.

களத்துமேடு கேட்டதற்கு வருகிறேன். ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டால் சண்டை முழுவதும் அதற்குள் தெரியும்.

1983-ல் மான்சாண்டோவுக்காக ஒரு சுண்டெலிச் சோதனை முடிந்தது. நான்கு குழுக்கள். முதல் குழுவுக்கு மருந்து இல்லை. மற்றவற்றின் தீனியில் 1,000, 5,000, 30,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவு கிளைஃபோசேட். 30,000 என்றால் தீனியில் 3 சதவீதம், மிகப் பெரிய அளவு. ஆண் சுண்டெலிகளின் சிறுநீரகத்தில் ஒரு வகைக் கட்டி வந்தது. எண்ணிக்கை வரிசையாக 0, 0, 1, 3. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 50 எலிகள்.

மொத்தம் நான்கே கட்டிகள்தான். ஆனால் அந்த வகைக் கட்டி அந்த எலி இனத்தில் அபூர்வம். அளவு கூடக் கூடக் கட்டியும் கூடுகிறது. இதைப் பார்த்துத்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1985-ல் கிளைஃபோசேட்டை 'மனிதர்களுக்குப் புற்று உண்டாக்கக்கூடும்' என்ற சி பிரிவில் வைத்தது. ஆமாம், முதல் எச்சரிக்கை லியோனில் இருந்து வரவில்லை, அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது.

அப்புறம் நிறுவனம் அமர்த்திய நோயியல் நிபுணர் ஒருவர் எலிகளின் திசு வைத்த பழைய கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்த்தார். மருந்தே தராத குழுவிலும் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். வரிசை 1, 0, 1, 3 ஆனது. அந்த ஒரு கட்டியால் புள்ளியியல் முக்கியத்துவம், அதாவது இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லும் பலம், கரைந்தது. அது உண்மையில் கட்டிதானா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து வரவில்லை. 1991-ல் முகமை தன் வகைப்பாட்டை மாற்றி, மனிதர்களுக்குப் புற்று உண்டாக்காது என்பதற்குச் சான்று உள்ளவை அடங்கிய இ பிரிவில் வைத்தது. மதிப்பீட்டுக் குழுவில் சிலர் அதற்கு உடன்படவில்லை.

2015-ல் லியோன் குழுவும் இதே சோதனையைத்தான் எடுத்தது. அளவு கூடும்போது கட்டியும் கூடுகிறதா என்ற போக்குச் சோதனையைப் போட்டுப் பார்த்தது. முக்கியத்துவம் இருந்தது. ஐரோப்பிய ஆணையம் பெரும்பாலும் ஒவ்வொரு குழுவையும் மருந்து தராத குழுவோடு தனித்தனியாக ஒப்பிட்டது. அப்படி ஒப்பிட்டால் முக்கியத்துவம் இல்லை. அதோடு, 'மற்ற எலிச் சோதனைகளில் இது திரும்ப வரவில்லை, 3 சதவீதம் என்பது உடல் தாங்காத அளவு' என்று ஒதுக்கியது. இரண்டு கணக்கு முறையும் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். யாரும் எண்ணைத் திருடவில்லை.

என் சொந்தக் கருத்தையும் சொல்கிறேன். போக்குச் சோதனை இந்த மாதிரி அபூர்வக் கட்டிகளுக்குப் பொருத்தமானது, அதை ஒதுக்கியது சரியில்லை. ஆனால் மனிதருக்குக் கிடைக்கும் அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு கொடுத்து வந்த நான்கு கட்டிகளை வைத்து எனக்குத் தூக்கம் கெடாது.


எண்ணும்எழுத்தும்:

நுண்ணோக்கி எலியைப் பார்த்துக்கொண்டார். மனிதர்களிடம் கிடைத்த ஆதாரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். நோய்ப்பரவல் புள்ளிவிவரம்தான் என் துறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு பெரும்பாலும் ஒரே நோயைச் சுற்றியது: ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்று. இது ஒரே நோயும் அல்ல, பல வகைகளின் கூட்டுப் பெயர். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

முதலில் வந்தவை நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகள். ஸ்வீடன், கனடா, அமெரிக்கா. 'முன்பு என்னென்ன மருந்து அடித்தீர்கள்?' என்று இரு தரப்பையும் கேட்பார்கள். 2001-ல் வந்த கனடா ஆய்வில், ஆண்டுக்கு இரண்டு நாளுக்கு மேல் கிளைஃபோசேட் அடித்தவர்களுக்கு இந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. ஸ்வீடனிலும் அதே மாதிரிதான். லியோன் குழு மனித ஆதாரம் 'வரையறைக்குட்பட்டது' என்று சொன்னதற்கு அடிப்படை இவைதான். வரையறைக்குட்பட்டது என்றால், தொடர்பு தெரிகிறது, ஆனால் தற்செயலோ வேறு காரணமோ இருக்க முடியாது என்று சொல்ல முடியவில்லை என்று பொருள்.

இந்த முறையின் பலவீனம் எல்லோருக்கும் தெரியும். நோய் வந்தவர் காரணத்தைத் தேடி நினைவைக் கிளறுவார். நோயில்லாதவர் அவ்வளவு யோசிக்க மாட்டார். மருந்தடித்தவர் ஒரே மருந்தை மட்டும் அடித்திருக்கவும் மாட்டார்.

அதனால்தான் அமெரிக்காவின் விவசாயிகள் உடல்நல ஆய்வை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் 1997 வரை, நோய் வருவதற்கு முன்பே, உரிமம் பெற்ற மருந்தடிப்பவர்களிடம் விவரம் வாங்கி, பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அரசுப் பணம், நிறுவனப் பணம் இல்லை. 2018-ல் முடிவு வந்தது. 54,251 பேர், அவர்களில் 44,932 பேர் கிளைஃபோசேட் அடித்தவர்கள். இந்த லிம்போமாவுடன் தொடர்பு இல்லை. மிக அதிகம் அடித்த கால்பங்கினரிடமும் ஒப்பீட்டு அபாயம் 0.87 (1 என்றால் வேறுபாடில்லை), அதாவது அபாயம் கூடவில்லை.

சரி, முடிந்ததா? இல்லை. அந்த ஆய்வில் இரண்டாம் சுற்றுக் கேள்விக்கு மூன்றில் ஒருவருக்கு மேல் பதில் தரவில்லை. அவர்கள் எவ்வளவு அடித்திருப்பார்கள் என்பதைக் கணிப்பால் நிரப்பினார்கள். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில்தான், 1996-ல் கிளைஃபோசேட் அடித்தாலும் சாகாத சோயா பயிர் வந்து, பயன்பாடு பல மடங்கு ஏறியது. கணிப்பு கொஞ்சம் தவறினாலும் அதிகம் அடித்தவரும் குறைவாக அடித்தவரும் கலந்துபோவார்கள். கலந்தால், இருக்கும் அபாயமும் மங்கித் தெரியும். அதே ஆய்வில் ஒரு வகை இரத்தப் புற்று அதிகம் அடித்தவர்களிடம் 2.44 மடங்கு தெரிந்தது. நம்பக இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை, 0.94 முதல் 6.32 வரை. தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது, பிடித்துக்கொள்ளவும் முடியாது.

2019-ல் இரண்டு தொகுப்புகள் வந்தன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லுவோபிங் ஜாங் குழு, ஒவ்வொரு ஆய்விலும் மிக அதிகம் அடித்தவர்களை மட்டும் எடுத்துச் சேர்த்தது. அபாயம் 41 சதவீதம் கூடுதல். இன்னொன்று பிரான்ஸ், நார்வே, அமெரிக்கா மூன்றையும் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள். அதில் மொத்த லிம்போமாவில் தொடர்பு இல்லை. ஆனால் பரவிய பெரிய பி-செல் லிம்போமா என்ற ஒரு வகையில் மட்டும் 36 சதவீதம் கூடுதல், அதுவும் முக்கியத்துவத்தின் விளிம்பில்.

அந்த 41 சதவீதத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் தலைப்பில் போட்டுப் பயமுறுத்தினார்கள். அமெரிக்காவில் வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு இந்த நோய் வருகிறது. ஜாங் குழுவின் எண் முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும், மிக அதிகம் அடிப்பவர்களில் அது 3-ஐ நெருங்கும். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான கூடுதல். அந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடித்தால் புற்று உறுதி என்று பேசுவதும் பொய்.


மௌனவாசகி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்பாவுக்கு இந்த ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாதான். வாழ்நாள் முழுக்க மருந்தடித்தவர், கிளைஃபோசேட்டும் அதில் உண்டு. சிகிச்சை முடிந்து இப்போது பரவாயில்லை. மருத்துவரிடம் காரணம் கேட்டோம், சொல்ல முடியாது என்றார். எண்ணும்எழுத்தும் அண்ணா, இவ்வளவு ஆய்வுகள் இருக்கின்றனவே. அவருடைய இரத்தத்திலோ திசுவிலோ பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?


எண்ணும்எழுத்தும்:

அப்பா தேறி வருவது நிம்மதியாக இருக்கிறது, தங்கச்சி. மருத்துவர் மழுப்பவில்லை, உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டு, இந்தக் கூட்டத்தில் நோய் இவ்வளவு கூடுதல் என்று சொல்ல முடியும். அந்தக் கூடுதலில் யார் யார் என்று விரல் நீட்ட முடியாது. கிளைஃபோசேட்டால் வந்த லிம்போமாவுக்கென்று தனித் தடயம் எதுவும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசுக்கும் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுக்கும் இருப்பது போன்ற நெருக்கமான பிணைப்பு இங்கே இல்லை. மருந்து உடலில் தங்குவதும் இல்லை, சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். பழைய கணக்கை இன்று எடுக்கும் சோதனையில் பார்க்க முடியாது. வயது, நோய் எதிர்ப்பு மண்டலக் குறைபாடு, சில வைரஸ் தொற்றுகள் என்று இந்த நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. பல பேருக்குக் காரணம் தெரியாமலே போகிறது.

அப்பா எதையோ தவறாகச் செய்ததால் வந்தது என்று வீட்டில் யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.


பச்சைவயல்:

நடுவர் குழுவின் தீர்ப்பு அறிவியல் இல்லை என்றார் நுண்ணோக்கி, விட்டுவிடுகிறேன். ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எலிக்கு ஊட்டியது எது? சுத்தமான கிளைஃபோசேட். களத்துமேடு தெளிப்பானில் ஊற்றுவது எது? அதோடு இலையில் ஒட்டி உள்ளே இறங்க வைக்கும் சோப்பு மாதிரியான துணைப்பொருட்கள் சேர்ந்த கலவை. பாலி எத்தாக்சிலேட்டட் டாலோ அமீன் என்ற துணைப்பொருளை கிளைஃபோசேட்டோடு சேர்க்கக் கூடாது என்று 2016-ல் ஐரோப்பிய ஒன்றியமே தடை செய்தது. பாட்டிலில் இருப்பதைப் பரிசோதிக்காமல் அதில் ஒரு பொருளை மட்டும் பரிசோதித்துவிட்டு 'பாதுகாப்பு' என்று சான்றிதழ் தருவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கிறதா என்ற கேள்வியில், வேளாண் பொருளியலாளர் சார்லஸ் பென்புரூக் 2019-ல் இரண்டு தரப்பின் பட்டியலையும் ஒப்பிட்டார். அமெரிக்க முகமை பெரும்பாலும் நம்பியது நிறுவனங்கள் செய்வித்த, வெளியிடாத சோதனைகளை. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே 'பாதிப்பில்லை'. லியோன் குழு எடுத்தது ஆய்விதழ்களில் வெளிவந்தவற்றை. அவற்றில் பெரும்பான்மை 'பாதிப்பு உண்டு'. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


நுண்ணோக்கி:

இந்த முறை பெரும்பகுதி ஒத்துப்போகிறேன். கலவையைப் பற்றிய உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது.

கிளைஃபோசேட் செடியில் ஒரு நொதியை முடக்குகிறது. நறுமண அமினோ அமிலங்களைச் செய்யும் ஷிகிமேட் பாதையில் இருப்பது அது. அந்தப் பாதை விலங்குகளிடம் இல்லை, ஆகவே நமக்கு ஆபத்தில்லை என்பது பழைய வாதம். கொல்லும் வழி நமக்குப் பொருந்தாது என்பது சரி. ஆனால் ஒரு பொருள் வேறு வழியில் செல்லைத் தொந்தரவு செய்யாது என்பதற்கு அது சான்றாகாது. துணைப்பொருட்களுக்கு அந்த வாதம் சுத்தமாகப் பொருந்தாது. அவை செல் சவ்வையே குலைப்பவை.

பென்புரூக் சொன்ன எண்களில் ஒரு உள்விஷயம் உண்டு. நிறுவனச் சோதனைகளில் நிறைய, பாக்டீரியாவில் மரபு மாற்றம் வருகிறதா என்று பார்ப்பவை. அவற்றில் கிளைஃபோசேட் பெரும்பாலும் சுத்தமாகத் தேறுகிறது, யார் செய்தாலும் அப்படித்தான். வெளியான ஆய்வுகளில் பல, பாலூட்டிகளின் செல்களிலும் மருந்தடித்த மனிதர்களின் இரத்தத்திலும் பார்த்தவை, பல நேரம் கலவையை வைத்து. ஆக இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அதோடு, பாதிப்பில்லை என்று முடியும் ஆய்வு இதழ்களில் வெளிவருவது கடினம் என்பதையும் மறக்கக் கூடாது. நிறுவனத்தின் பக்கம் ஒரு சாய்வு இருந்தால் ஆய்விதழ்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது.

லியோன் குழுவையும் கேள்வி கேட்கலாம். வெளியான ஆய்வுகளை மட்டுமே எடுப்போம் என்பது அவர்கள் விதி. விவசாயிகள் ஆய்வின் புதிய தரவு அப்போதே இருந்தும் வெளியாகாததால் கணக்கில் வரவில்லை. அழைப்பு நிபுணராக இருந்த கிறிஸ்டோபர் போர்ட்டியர் பிறகு வழக்குத் தொடுத்தவர்களின் வழக்கறிஞர்களுக்கு ஆலோசகரானார். இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சுட்டிக்காட்டினால் நியாயமாகாது.

2025 ஜூனில் இத்தாலியின் ராமஸ்சினி நிறுவனம் ஒரு எலி ஆய்வை வெளியிட்டது. இது வேறு மாதிரி. தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி இரண்டு ஆண்டு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.5, 5, 50 மி.கி. கிளைஃபோசேட் தனியாகவும் இரண்டு கலவைகளாகவும் கொடுத்தார்கள். 0.5 என்பது ஐரோப்பாவில் தினசரி ஏற்கத்தக்க அளவு. பல உறுப்புகளில் கட்டிகள், இளம் வயதிலேயே இரத்தப் புற்று என்று சொல்கிறார்கள். முன்பும் இந்த நிறுவனத்தின் இரத்தப் புற்றுக் கணிப்புகளில், எலிகளுக்கு இருந்த மூச்சுத் தொற்று குழப்பியிருக்கலாம் என்று பிறர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் பெரிய அளவு கொடுத்ததால்தான் வந்தது என்ற பழைய பதில் இங்கே செல்லாது. வேறொரு ஆய்வகம் இதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதுவரை இதைப் புறந்தள்ளவும் மாட்டேன், தீர்ப்பாக ஏற்கவும் மாட்டேன்.


வாசல்படி:

இதையெல்லாம் படித்தால் சாப்பிடவே பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் சிறுநீர் மாதிரிகளில் 80 சதவீதத்துக்கு மேல் கிளைஃபோசேட் இருந்ததாக அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவே சொல்கிறதே? குழந்தைகளிடமும். 2ஏ பிரிவு என்றால் சிகரெட்டுக்கு அடுத்த படிதானே?


நுண்ணோக்கி:

அந்தத் தரவு உண்மை. ஆனால் இன்றைய கருவிகள் ஒரு பொருளின் துளியிலும் துளியைக் கண்டுபிடித்துவிடும். இருக்கிறதா என்பதோடு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 0.5 மி.கி. என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளுக்கு 30 மி.கி. அந்தச் சிறுநீர் அளவுகளிலிருந்து கணக்கிட்டால் உணவிலிருந்து சேர்வது அதற்கு வெகு கீழே. அந்த வரம்பே தளர்வானது என்று ராமஸ்சினி ஆய்வை வைத்து வாதிடலாம். ஆனாலும் உணவில் வரும் அளவால் மனிதர்களுக்குப் புற்று வந்தது என்று காட்டும் ஆதாரம் எதுவும் கையில் இல்லை.

2ஏ என்பது எவ்வளவு ஆபத்து என்ற படிக்கட்டு அல்ல. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே அது சொல்லும். ஆடு, மாடு போன்றவற்றின் சிவப்பு இறைச்சியும் 65 டிகிரிக்கு மேல் சூடான பானமும் இரவுப் பணியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே அளவு கெடுதல் என்று லியோன் குழு சொல்லவே இல்லை.


களத்துமேடு:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது, அதைச் சொல்கிறேன்.

லியோன் குழு யாரைப் பார்த்தது? மருந்தடிப்பவர்களை. மனித ஆதாரம் முழுக்க எங்களைப் பற்றியது. எச்சக் குழு யாரைப் பார்த்தது? சாப்பிடுகிறவர்களை. அவர்கள் முடிவிலேயே, உணவின் வழியாக வரும் அளவால் புற்று வர வாய்ப்பில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆக இருவரும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில் சொல்லவில்லை.

வெளியே நடப்பது என்ன? சாப்பிடுகிறவர்களைப் பயமுறுத்த எங்கள் ஆதாரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். எங்களைச் சமாதானப்படுத்தச் சாப்பிடுகிறவர்களின் பாதுகாப்புக் கணக்கை எடுத்துக் காட்டுகிறார்கள். விற்க வருகிற ஆள் என்னிடம் சொன்னதும் அதுதான், 'சாப்பாட்டில் இருந்தாலே ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்' என்று. சாப்பாட்டில் இருப்பதும் அளவைக் குவளையிலிருந்து என் கையில் வழிவதும் ஒன்றா?

ஐரோப்பிய ஆணையமும் அமெரிக்க முகமையும் வேலை செய்பவர்களையும் பார்த்தோம் என்கிறார்கள். அந்த அமெரிக்க முகமையின் மதிப்பீட்டைத் தேடிப் படித்தேன். லிம்போமா விஷயத்தில் கிடைத்த தரவை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று அவர்களே எழுதிவிட்டு, மொத்தத்தில் புற்று தர வாய்ப்பில்லை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2022 ஜூனில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதைத்தான் பிடித்தது. முகமை தன்னுடைய வழிகாட்டு நெறிகளையே பின்பற்றவில்லை என்று மனித உடல்நலம் பற்றிய பகுதியை ரத்து செய்தது. அந்த ஆண்டே முகமை தன் இடைக்கால முடிவைத் திரும்பப் பெற்றது. எங்கள் விஷயத்தில் 'தெரியாது' என்பது எப்படி 'இல்லை' ஆனது என்பதுதான் என் கேள்வி. நீதிமன்றமும் அதையே கேட்டிருக்கிறது.


எண்ணும்எழுத்தும்:

களத்துமேடு, நான் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

மருந்தடிப்பவர்களைப் பற்றிய கேள்வி தீராமல் இருப்பதற்குப் பெரிய காரணம் அளவீடு. 'எத்தனை நாள் அடித்தீர்கள்?' என்று கேட்பது அளவீடு ஆகாது. ஒரே நாள் வேலையில் ஒருவர் உடலில் துளியும் சேராது, இன்னொருவருக்குப் பல மடங்கு சேரும். 2004-ல் அமெரிக்காவில் 48 விவசாயிகளின் சிறுநீரை, மருந்தடிக்கும் நாளிலும் அதற்கடுத்த நாட்களிலும் அளந்தார்கள். முதன்மை ஆசிரியர் மான்சாண்டோவைச் சேர்ந்தவர். ரப்பர் கையுறை போட்டவர்களிடம் சராசரி 2 பி.பி.பி. (நூறு கோடியில் 2 பங்கு), போடாதவர்களிடம் 10. ஐந்து மடங்கு, ஒரு கையுறையால். நிறுவனத்தின் சொந்த ஆள் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது.

2018-ன் பெரிய ஆய்வில் இந்த வேறுபாடுகளை ஒரு சூத்திரத்தால் ஈடுகட்டப் பார்த்தார்கள், ஆனால் அதுவும் வாய்மொழிப் பதில்களின் மேல்தான் நிற்கிறது. பல ஆண்டுகள் சிறுநீர் மாதிரி எடுத்துக்கொண்டே பின்தொடரும் ஒரு ஆய்வு வேண்டும். செலவு பிடிக்கும், காலம் பிடிக்கும். வழக்குகளுக்குக் கொட்டிய பணத்தில் சிறு பங்கு போதும்.


பச்சைவயல்:

ஆய்வு வரும்வரை என்ன செய்வது? 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடுகளிடையே தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்படியும் ஒன்றியத்தின் நிர்வாகக் குழு 2033 டிசம்பர் வரை அனுமதியை நீட்டித்தது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு விற்கும் ரவுண்டப்பில் பேயர் நிறுவனமே கிளைஃபோசேட்டை விலக்கிவிட்டது. தோட்டக்காரருக்கு விலக்கியதைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் தர வேண்டும்? என் பார்வையில் சந்தேகத்தின் பலன் மருந்துக்குப் போகக் கூடாது, ஆளுக்குப் போக வேண்டும். தடை செய்யுங்கள் என்பதுதான் என் நிலைப்பாடு, அதில் மாற்றம் இல்லை.


நுண்ணோக்கி:

விலக்கியது வழக்குகளைக் குறைக்கத்தான், பாதுகாப்புக்காக அல்ல என்று நிறுவனம் சொல்லிக்கொண்டது. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த இடத்துக்கு வந்தவற்றைப் பாருங்கள். டைகுவாட் என்ற களைக்கொல்லியும் அவற்றில் ஒன்று. தெரியாமல் உள்ளே போனால் கிளைஃபோசேட்டைவிட அது பல மடங்கு கொடியது. தடை என்றால் மாற்று என்ன என்பதையும் சேர்த்தே பேசுங்கள். களை வெட்டும் கருவியும் ஆள்கூலியும் தருகிற தடை வேறு. இன்னும் மோசமான பாட்டிலைக் கையில் திணிக்கிற தடை வேறு.


மௌனவாசகி:

அப்பாவின் வேலையை இப்போது தம்பி செய்கிறான். நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டான், வீட்டு வருமானமும் அதுதான். அவனுக்குக் கையுறையாவது வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். துணிக் கையுறை போதுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?


களத்துமேடு:

துணி வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துவிடும். கையுறையே போடாததைவிட அது மோசம். நைட்ரைல் கையுறை, மணிக்கட்டைத் தாண்டி நீளமாக இருப்பது. கிழிந்தால் உடனே மாற்றணும். உள்பக்கம் நனைந்ததைத் திரும்பப் போடக் கூடாது.

அடிக்கும்போதைவிடக் கலக்கும்போதுதான் கவனம் தேவை. அப்போதுதான் கையில் இருப்பது நீர் சேராத மருந்து. முகத்துக்கு நேரே பாட்டிலைத் தூக்கி ஊற்றக் கூடாது, கீழே வைத்து ஊற்றணும், கண்ணாடி போட்டுக்கொள்ளணும். முதுகுத் தெளிப்பானில் மூடியின் வளையம் தேய்ந்திருந்தால் முதுகு முழுக்க வழியும். வேலை முடியும்வரை அந்த ஈரத்தோடேயே நிற்பார்கள், வியர்வை என்று நினைத்துக்கொண்டு. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக்கு எதிரே நடந்து அடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன், பீடி சிகரெட் தொடுவதற்கு முன், சோப்புப் போட்டுக் கை கழுவணும். உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கணும். துவைப்பவரும் கையுறை போடணும்.

என்ன மருந்து, எந்த நாள், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.


மௌனவாசகி:

இன்றே நைட்ரைல் கையுறை சொல்லிவிடுகிறேன், அண்ணா. மூடி வளையத்தையும் அவனையே கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். நோட்டு நான் எழுதுகிறேன், அவன் எழுத மாட்டான்.